டிசம்பரில் வேண்டாம், தை கடைசியில் வா

நாகர்கோவில்,
புரட்டாசி 20

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் திங்கட்கிழமை மத்தியானம் கைக்கு வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதியாக இருந்தது. "கண்ணு தெளிஞ்சதும் கன்னியாகுமரிக் கடலைப் பார்க்கணும்" என்று அம்மா சொன்னதை இவரிடமும் படித்துக் காட்டினேன். எழுபத்தெட்டு வயதில் வாய்விட்டுக் கேட்டிருக்கிறார்கள். அதைச் சரியாகச் செய்ய வேண்டும். அதனால்தான் போனில் ரெண்டு வார்த்தையோடு விடாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டிசம்பர் கடைசி வாரம் வருவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் சாந்தி. நீ வருவது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்கே தெரியும், இருந்தும் வேண்டாம் என்கிறேன். உன் பையன் பள்ளிக்கூடம் முடித்துப் பத்து வருஷம் ஆகிறது. என் மகளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. இன்னமும் நாம் அரையாண்டு லீவு, முழுப் பரீட்சை லீவு என்று பார்த்துத்தான் ஊருக்குக் கிளம்புகிறோம். நீயும் ஓய்வு பெற்றாகிவிட்டது, அண்ணனும் வீட்டில்தான் இருக்கிறார். எந்தக் கிழமையிலும் கிளம்பலாம் என்கிற வசதி இப்போதுதான் நமக்குக் கிடைத்திருக்கிறது.

கார்த்திகை பிறந்தாலே இங்கே சீசன்தான். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் போகிற வழியிலோ திரும்புகிற வழியிலோ குமரிக்கு வந்து குளித்து அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். ஆந்திரா, கர்நாடகா வண்டிகள் விடிவதற்கு முன்பே வரிசை கட்டி நிற்கும். ஜனவரி நடுவில் மகரவிளக்கு முடிகிறவரை இது ஓயாது. இதற்கு மேல் அரையாண்டு லீவு, கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடியலைக் கடற்கரையில் பார்க்க வருகிறவர்கள், பொங்கல், காணும் பொங்கல். எல்லாமும் அந்த எட்டொன்பது வாரத்துக்குள் வந்து விழும்.

என் அப்பாவை 2018 டிசம்பரில் கூட்டிப் போனதை உனக்கு எழுதினேனோ இல்லையோ, நினைவில்லை. அப்பாவுக்கு விவேகானந்தர் பாறைக்குப் போக வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. 1970இல் மண்டபம் திறந்த புதிதில் நண்பர்களோடு போனவர், அதற்கப்புறம் போகவில்லை. காலை ஒன்பது மணிக்குப் படகு வரிசையில் நின்றோம். வரிசை தெருவரைக்கும் வந்து வளைந்து கிடந்தது. பதினொன்றரை வரை நின்றுவிட்டு, அப்பாவின் கால் வீங்குவதைப் பார்த்ததும் நான்தான் போதும் என்று வெளியே அழைத்து வந்தேன். சரி, கரையிலாவது உட்காரலாம் என்றால் முக்கடல் பக்கம் ஒரு படிகூடக் காலியில்லை. முன்னால் நிற்பவர்களின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி தெரியுது, போதும்மா" என்றார். வெயில் தாழும்வரை அவரைப் படுக்கவைக்க ஒரு லாட்ஜில் அறை கேட்டோம். வழக்கமான வாடகையைப் போல ரெண்டு மடங்குக்கு மேல் வாங்கிக்கொண்டு, மின்விசிறி ஓடாத அறையைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அப்பா ஒன்றுமே பேசவில்லை. அது எனக்கு ரொம்ப நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்புறம் 2020 பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை மறுபடியும் அழைத்துப் போனேன். ஊரடங்குக்கு ஒரு மாதம் முன்னால், என் அதிர்ஷ்டம். எட்டு மணிக்கு முதல் படகு. ஏழே முக்காலுக்குப் போய் நின்றோம், எங்களுக்கு முன்னால் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். பாறையில் அப்பா தியான மண்டபத்துக்குள் அரை மணி நேரம் இருந்தார். 1892 டிசம்பரில் சுவாமி மூன்று நாள் இந்தக் கல்லின் மேல் இருந்தார் என்று எனக்குச் சின்ன வயதில் சொல்லித் தந்ததே அப்பாதான். திரும்பி வந்து காந்தி மண்டபத்துக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்த திண்டில் உட்கார்ந்தோம். ஒரு வள்ளம் கரைக்கு வந்துகொண்டிருந்தது. அலை தூக்கும்போது தெரியும், இறங்கும்போது மறைந்துவிடும். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப வரும் பாரு, இப்ப வரும் பாரு" என்று ஒவ்வொரு தடவையும் என் கையைத் தட்டினார். அது கரை சேர முக்கால் மணி நேரம் ஆனது. முக்கால் மணி நேரமும் எங்களை யாரும் நகரச் சொல்லவில்லை, முன்னால் வந்து மறைக்கவும் இல்லை.

அதுதான் சாந்தி, அம்மாவுக்கும் கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கடலைப் பார்ப்பது என்றால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நின்றுகொண்டு எட்டிப் பார்த்தால் கடல் மனசுக்குள் இறங்குவதில்லை.

ஏப்ரல், மே பற்றியும் கேட்டிருந்தாய். அதுவும் வேண்டாம். வெயில் ஒரு பக்கம், சித்ரா பௌர்ணமிக்குச் சூரியன் மறைவதையும் நிலா எழுவதையும் சேர்த்துப் பார்க்க வருகிற கூட்டம் இன்னொரு பக்கம். அதைவிடப் பயம், கள்ளக்கடல். இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், எங்கோ தெற்கே நடுக்கடலில் அடித்த புயலின் அலை ரெண்டு மூன்று நாள் கழித்து இந்தக் கரையில் வந்து ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த ஐந்து பிள்ளைகள் அப்படித்தான் போனார்கள். எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். லீவில் வெளியூரிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு அது எங்கே போய்ச் சேரும்? இதை எழுதும்போதுகூட மனசு பதறுகிறது. உன் தங்கை பிள்ளைகள் மே மாதம் வருவதாக இருந்தால் தண்ணீரில் இறங்க விடாதே என்று கண்டிப்பாகச் சொல்.

மீன் விஷயமும் உண்டு, அண்ணனுக்காகச் சொல்கிறேன். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை கிழக்குக்கரைக்கு மீன்பிடித் தடைக்காலம், சின்னமுட்டத்து விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. குளச்சல், முட்டம் பக்கம் மேற்குக்கரைக் கணக்கு, அங்கே ஜூன், ஜூலை தடை. வள்ளத்துக்காரர்கள் கொண்டுவருவதுதான் கிடைக்கும், விலையும் ஏறும். லீவு நாளில் வந்து "கடற்கரை ஊரில் நல்ல மீன் இல்லையே" என்று குறைபடுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

ஆனியும் ஆடியும் எனக்குப் பிடித்த மாதங்கள். சாரல், காற்று, ஆரல்வாய்மொழிக் காற்றாலை எல்லாம் விடாமல் சுற்றும். ஆனால் கடல் கொந்தளிப்பாக இருக்கும், படகை அடிக்கடி நிறுத்திவிடுவார்கள், ஆடி அமாவாசைக்குக் குளிக்க வருகிற கூட்டமும் உண்டு. நாம் ரெண்டு பேர் மட்டும் என்றால் அப்போதுதான் வரச் சொல்வேன். அம்மாவோடு வேண்டாம்.

தை கடைசி, அதாவது பிப்ரவரி முதல் பத்துப் பன்னிரண்டு நாள், அதுதான் சரியான சமயம். ஐயப்ப சீசன் முடிந்திருக்கும், தை அமாவாசையும் போயிருக்கும், பரீட்சை நெருங்குவதால் பிள்ளைகளோடு யாரும் வரமாட்டார்கள். வெயிலும் உறைக்காது. அந்த மாதத்தில் சூரியன் கடலிலேயே மறையும். மாசி பிறந்துவிட்டால் எங்கள் ஊர்க் கூட்டம் தொடங்கிவிடும். சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவாலயத்துக்கும் ஓடுகிறவர்களால் கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் சாலையெல்லாம் நிறைந்துவிடும். அடுத்து மண்டைக்காட்டு அம்மன் கோவில் கொடை விழா. அந்தப் பத்து நாளும் குளச்சல் பக்கம் கார் கொண்டுபோக முடியாது.

திங்கட்கிழமை சாயங்காலம் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் எழும்பூரில் ஏறினால் செவ்வாய் காலை இங்கே. நான் நாகர்கோவில் ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன். லாட்ஜ் எல்லாம் வேண்டாம், நம் வீட்டில் கீழ் அறை இருக்கிறது, படி ஏற வேண்டியதில்லை. செவ்வாய் முழுக்க ஓய்வு. சாயங்காலம் மட்டும் சுசீந்திரம் குளம், தேரூர் குளம் பக்கம் போய் வரலாம். வலசை வந்த பறவைகள் அப்போதும் இருக்கும். புதன்கிழமை பாறை. சூரிய உதயம் பார்த்தவர்கள் டிபன் சாப்பிடக் கலையும் நேரத்தில் நாம் படகுத்துறைக்குப் போய்விடுவோம். இப்போது பாறையிலிருந்து திருவள்ளுவர் சிலைக்குக் கண்ணாடிப் பாலம் போட்டிருக்கிறார்கள், 2024 டிசம்பர் 30 அன்று திறந்தது, 77 மீட்டர் நீளம். தண்ணீர் மட்டம் குறைந்தால் சிலைக்குப் படகு விடமாட்டார்களே, அந்தத் தொல்லை இல்லை. அம்மாவுக்குக் கீழே அலையைப் பார்த்துத் தலை சுற்றினால் ஓரமாகக் கையைப் பிடித்து நடத்தலாம். வியாழன் காலை வட்டக்கோட்டை. மதில் மேலே நின்றால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மலை. பத்மநாபபுரம் அரண்மனை திங்கட்கிழமை மூடியிருக்கும், நாம் வரும் கணக்குக்கு அதுவும் தடையில்லை.

கடற்கரையில் சங்கு, பாசி விற்கிற ஒரு அம்மாவிடம் நான் போகும்போதெல்லாம் பேசுவேன். கல்யாணம் நின்றுபோன அன்று குமரி அம்மன் கொட்டிய அரிசியும் பருப்பும்தான் மணலாச்சு என்று சொல்லிச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கலர் மணல் விற்பார்கள். சிவப்பு, கருப்பு, வெள்ளை. போன மாதம் ஒரு பொட்டலத்தைப் பிரித்து என் உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார்கள். அந்தச் சிவப்பு வெயிலில் மாதுளை முத்து மாதிரி மினுங்கியது. இதே மணலைத்தான் மணவாளக்குறிச்சி ஆலையில் தரம் தரமாகப் பிரிக்கிறார்கள். சீசன் இல்லாவிட்டால் உங்களுக்குக் கஷ்டம்தானே என்று கேட்டேன். "சீசன்லதான் கையில காசு பாக்கலாம் மக்ளே. ஆனா அப்ப ஒருத்தரும் சங்கை எடுத்துக் காதுல வச்சுப் பாக்கமாட்டாங்க. வெலையக் கேட்டுட்டு ஓடுவாங்க" என்றார்கள். நீ வரும்போது அவர்களிடம் ஒரு சங்கு வாங்கு. அம்மா காதில் வைத்துக் கேட்கட்டும்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். இவருக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. கிணற்றடி மட்டி வாழை குலை தள்ளியிருக்கிறது, கார்த்திகையில் பழுக்கும். அடுத்த கன்றை உங்களுக்காக விட்டுவைத்திருக்கிறேன். மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் அண்ணனுக்கு, அம்மாவுக்கு ரசவடை.

ஒன்றே ஒன்று. ரயிலில் முன்பதிவு இப்போது அறுபது நாளைக்கு முன்னால்தான் தொடங்குகிறது. டிசம்பர் முதல் வாரத்திலேயே தேதியைப் பார்த்துப் போட்டுவிடு, அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை கேட்டு வாங்கு. டிக்கெட் கிடைத்ததும் எந்தப் பெட்டி என்று எனக்கு எழுது.

என்றும் உன்,
மல்லிகா