தேய்த்தால் மின்னூட்டம் பிறப்பதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் இதழின் மாணவர் பகுதியில் மின்னூட்டம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கண்ணாடித் தண்டைப் பட்டுத்துணியால் தேய்த்தால் அதில் நேர் மின்னூட்டம் உருவாகும் என்று சொல்லிவிட்டு, கட்டுரை அடுத்த செய்திக்குப் போய்விடுகிறது. மாணவர்கள் தடுமாறுவது சரியாக அந்த இடத்தில்தான். நேர் மின்னூட்டம் எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் கேட்டால், துணியிலிருந்து புரோட்டான்கள் வந்தன என்று பலர் பதில் சொல்வார்கள்.

நேர் மின்னூட்டம் கொண்ட துகளான புரோட்டான் அணுக்கருவுக்குள் இறுகக் கட்டுண்டது. தேய்ப்பதால் அது இடம் மாறாது. அணுவின் வெளிப்புறத்தில் உள்ள, எதிர் மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரான்களில் சில கண்ணாடியை விட்டுப் பட்டுக்குப் போகின்றன, அவ்வளவுதான். தண்டில் எலக்ட்ரான் குறைகிறது. ஏற்கெனவே அங்கே இருந்த புரோட்டான்களின் கை ஓங்குகிறது. துணியோ அதே அளவு எதிர் மின்னூட்டம் பெறுகிறது. இரண்டையும் கூட்டினால் முன்போலவே சுழி. மின்னூட்ட அழியா விதி இதைத்தான் சொல்கிறது. எபோனைட் என்னும் கடின ரப்பர் தண்டைக் கம்பளியால் தேய்த்தால் எலக்ட்ரான்கள் தண்டுக்கு வந்து சேரும், கம்பளி நேர் மின்னூட்டம் பெறும். பாடங்களில் தண்டை மட்டும் வரைந்து துணியை மறந்துவிடுகிறார்கள். குழப்பத்தில் பாதி அதனால் வருவது.

இடம் மாறும் அளவும் வியப்பானது. ஒரு நானோகூலூம் (மின்னூட்டத்தின் அலகான கூலூமில் நூறு கோடியில் ஒரு பங்கு) மின்னூட்டத்துக்குச் சுமார் 624 கோடி எலக்ட்ரான்கள் வேண்டும். தண்டில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையோடு பார்த்தால் அது பொருட்படுத்தவே முடியாத சிறு பங்கு.

எது நேர், எது எதிர் என்பது பெஞ்சமின் பிராங்ளின் 1747 வாக்கில் செய்த ஏற்பாடு. மின்சாரம் ஒரு வகைப் பாய்மம் என்று எண்ணிய அவர், தேய்த்த கண்ணாடியில் அந்த மின்பாய்மம் மிகுந்திருப்பதாகக் கருதி அதை நேர் என்றார். எலக்ட்ரானை ஜே.ஜே. தாம்சன் 1897-இல்தான் கண்டறிந்தார்; பிராங்ளினின் ஏற்பாட்டின்படி அதன் மின்னூட்டம் எதிர் என்றாயிற்று. உலோகக் கம்பியில் எலக்ட்ரான் ஓடும் திசைக்கு எதிராக நாம் மின்னோட்டத்தைக் குறிப்பது இதன் விளைவே. கணக்கில் அதனால் பிழை நேராது.

கட்டுரையில் இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. ஓரின மின்னூட்டங்கள் விலக்கும், வேறின மின்னூட்டங்கள் கவரும் என்பதோடு நிறுத்தினால், தேய்த்த சீப்பு மின்னூட்டமே இல்லாத காகிதத் துணுக்கை இழுப்பது எப்படி? எதிர் மின்னூட்டம் பெற்ற சீப்பு அருகே வந்ததும், காகித மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் சற்றே அப்பால் விலகுகின்றன. சீப்பை நோக்கிய பக்கம் நேராகவும் மறுபக்கம் எதிராகவும் ஆகின்றன. பிரெஞ்சு இயற்பியலாளர் கூலூம் 1785-இல் காட்டியபடி, தொலைவு இரு மடங்கானால் விசை நான்கில் ஒன்றாகிவிடும். எனவே அருகில் உள்ள பக்கத்தின் கவர்ச்சி, தள்ளியிருக்கும் பக்கத்தின் விலக்கத்தை வென்றுவிடுகிறது. ஒட்டிய துணுக்குகளில் சில சற்று நேரத்தில் துள்ளி விழுவதையும் கவனிக்கலாம். தொட்டதில் சீப்பின் மின்னூட்டத்தில் ஒரு பங்கு அவற்றுக்கும் போய்விட்டது! ஆகவே ஒரு பொருள் மின்னூட்டம் பெற்றதா என்று அறிய, கவர்ச்சியை நம்பக் கூடாது. விலக்கமே உறுதியான சோதனை. இதை மாணவர்களுக்குச் சொல்லாமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அடுத்த இதழில் இப்பகுதியைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். தண்டையும் துணியையும் ஒரே படத்தில் வரைந்து, எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று ஓர் அம்புக்குறியும் இடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்