சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டது காதிலேயே நிற்கிறது. "நர்ஸ் வேலையை விட்டு அஞ்சு வருஷமாச்சும்மா, திரும்பப் போனா இனிமே ஊசி குத்த என் கைக்கு வெயின் கிடைக்குமா?" என்றாய். அதற்குள் சின்னவன் அழ ஆரம்பித்தான், வைத்துவிட்டாய். போனில் பேசினால் பாதியிலேயே பிள்ளைகள் கதைக்குப் போய்விடுவோம், அதனால் எழுதவே உட்கார்ந்துவிட்டேன்.

வெயின் கிடைக்கும். அதில் எனக்குத் துளியும் கவலை இல்லை. ஒன்பது வருஷம் வீட்டிலிருந்துவிட்டு 2004-ல் நான் நர்ஸ் வேலைக்குத் திரும்பப் போனபோது, முதல் நாளே ஒரு பாட்டியம்மாவுக்கு டிரிப் ஏற்ற லைன் போடச் சொன்னார்கள். வற்றிப்போன கை, நரம்பு உருண்டு உருண்டு ஓடியது. கையைக் கட்டிவிட்டு விரல் நுனியால் தடவிக்கொண்டே போனேன். மெத்தென்று ஒரு இடம் தட்டுப்பட்டதும் விரல் தானாக நின்றது. நீல வென்ஃப்ளான், 22-ம் நம்பர் ஊசிக்குழாய். ஒரே குத்தில் ரத்தம் ஏறியது. உன் விரலும் அப்படித்தான் நிற்கும், பார்.

எனக்கு மறந்து போயிருந்தது எண்கள்தான். வேலைக்குச் சேர்வதற்கு முந்தின மாசம் முழுக்க, ராத்திரி அடுப்படி வேலை முடிந்ததும் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். 500 மில்லி டிரிப், 8 மணி நேரம், டிரிப் ஏறும் குழாய் செட்டில் மில்லிக்கு 20 சொட்டு. பத்தாயிரத்தை 480 நிமிஷத்தால் வகுத்தால் நிமிஷத்துக்கு 21 சொட்டு. சின்னச் சொட்டு விழும் மைக்ரோ செட்டில் மில்லிக்கு 60 சொட்டு, அதனால் மணிக்கு எத்தனை மில்லியோ நிமிஷத்துக்கும் அத்தனை சொட்டு. நீ அப்போது ஏழாவது. எட்டிப் பார்த்து, "உனக்கும் பரீட்சையாம்மா?" என்று கேட்டாய். நீயும் இன்றைக்கே உட்கார்ந்து போடு. தானாக அளந்து ஏற்ற இன்ஃப்யூஷன் பம்ப் இருக்கிறதே என்று நினைக்காதே, எல்லாக் கட்டிலுக்கும் பம்ப் வராது.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த இரண்டாவது வாரம், நைட் டியூட்டி. ஒரு சர்க்கரை நோயாளிக்கு 20 யூனிட் இன்சுலின். நான் வேலையை விட்டபோது எங்கள் வார்டில் இருந்ததெல்லாம் மில்லிக்கு 40 யூனிட் உள்ள வயல், அதாவது மருந்துக் குப்பிதான். பழக்கத்தில் அதற்கான சிவப்பு மூடி சிரிஞ்சை எடுத்து, 20 கோடு வரை இழுத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பிள்ளை, போன வருஷம்தான் நர்சிங் முடித்தவள், என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அக்கா, இது நூறு வயல். ஆரஞ்சு மூடி எடுங்க." வயலைத் திருப்பிப் பார்த்தேன். மில்லிக்கு 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு என்றால் அரை மில்லி. 20 யூனிட் போக வேண்டிய உடம்புக்குள் 50 யூனிட் போயிருக்கும். விடியும்போது அந்த மனிதர் எழுந்திருப்பாரோ என்னவோ. கை கால் நடுங்கிப் போய் மருந்து அறையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பிள்ளை யாரிடமும் சொல்லவில்லை. நான்தான் காலையில் இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அன்றிலிருந்து ரிட்டயர் ஆகும் வரைக்கும் இன்சுலினோ பொட்டாசியமோ, இன்னொருத்தர் கண்ணில் காட்டாமல் நான் போட்டதே இல்லை.

உன் வார்டிலும் உன்னைவிடப் பத்து வயசு சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள், உன்னைவிட வேகமாக ஓடுவார்கள். "நமக்குத் தெரியலைன்னு நினைச்சிடுவாங்களோ" என்று வாயை மூடிக்கொண்டு இருக்காதே பாப்பா. "இதைக் கொஞ்சம் பாரும்மா" என்று கூப்பிடு. இதை உன் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வதாக நினைத்துக்கொள்.

ஆனால் இன்டர்வியூவில் குனியாதே. நான் குனிந்தேன். "ஒன்பது வருஷமா என்ன பண்ணினீங்க?" என்று கேட்டார்கள். ஏதோ தப்புச் செய்தவள் மாதிரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, புதுசாக வருகிறவளுக்கான சம்பளத்துக்கு ஒத்துக்கொண்டேன். முன்னால் வேலை பார்த்த வருஷங்களுக்கு அனுபவச் சான்றிதழ் கையில் இருந்தும் அதை எடுத்து நீட்டவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் மனசு ஆறவில்லை. நீ ஐ.சி.யூ.வில் பார்த்த நாலு வருஷத்தை முதலில் சொல். "2020 முதல் குழந்தை வளர்ப்பு" என்று ஒரு வரி எழுது, போதும். நர்சிங் கவுன்சில் பதிவை அஞ்சு வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், தேதியைப் பார். உயிர்காக்கும் முதலுதவிப் பயிற்சிக்கான பி.எல்.எஸ். கார்டு இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும், அதைத் திரும்ப எடுத்தே ஆக வேண்டும்.

காப்பகம் இருக்கிறதா என்றும் கேள். 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியபோதே, 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், அம்மா ஒரு நாளைக்கு நாலு முறை போய்ப் பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்கள். கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இன்னொன்று. கொரோனா சமயத்தில் கூடப் படித்தவர்களெல்லாம் பி.பி.இ. கிட்டோடு நிற்க, நீ வீட்டில் இருந்துவிட்டாய் என்று போன தீபாவளிக்கு அழுதாய். அன்றைக்கு என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அந்த வார்டில் நான் நின்றேன். நீ அப்போது நிறைமாசம். ஒவ்வொரு நாளும் அந்த உடுப்பைக் கழற்றும்போது, என் பிள்ளை இதற்குள் இல்லையே என்று மீனாட்சியைக் கும்பிட்டேன். பெற்றவளுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று உனக்குத் தெரியாது. அதற்காக இனிமேல் அழாதே.

சம்பந்தி அம்மாவால் இரண்டு பிள்ளைகளையும் ஒண்டியாகச் சமாளிக்க முடியாது, அவர்களுக்கும் மூட்டுவலி. மூன்று மாசம் நான் வந்து இருக்கிறேன். அப்பாவிடம் பேசிவிட்டேன், தம்பி கூட இருப்பான். ஒன்றாம் தேதி காலையில் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறுகிறேன், மாப்பிள்ளையைச் சிங்காநல்லூருக்கு வரச் சொல். பெரியவளுக்கு முறுக்கு சுட்டு வைத்திருக்கிறேன்.

மெடிக்கலில் சிவப்பு மூடி சிரிஞ்சு ஒன்று, ஆரஞ்சு மூடி ஒன்று வாங்கிப் பையில் வைத்துவிட்டேன். ராத்திரி பிள்ளைகள் தூங்கியதும் தண்ணீரை இழுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அதுவரை கிழிக்கிற காலண்டர் தாளைத் தூக்கிப் போடாதே.

அன்புடன்,
அம்மா