இராமானுஜம் கப்பலின் கதையைச் சொன்னவர்களுக்கு

அன்புக்குரியவர்களே, வணக்கம்.

தலைமன்னார் – இராமேஸ்வரம் கப்பலைப் பற்றிய நினைவுத் தொகுப்பு ஒருவழியாக அச்சுக்குப் போய்விட்டது. அட்டையில் என் பெயர் இருக்கும், உள்ளே முழுக்க உங்கள் குரல்தான். கூடலூரிலும் கோத்தகிரியிலும் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், உட்காரவைத்துப் பேசினீர்கள். இராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் கூடவே நடந்து வந்து இடங்களைக் காட்டினீர்கள். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால் இந்த மடலிலும் யார் பெயரும் இல்லை. யாரைச் சொல்கிறேன் என்பது அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி மதுரையில் இருக்கும் ஓய்வுபெற்ற ரயில்வே ஐயாவுக்கு. நான் கப்பலைப் பற்றிக் கேட்கப் போனேன், அவர் ரயிலிலிருந்து தொடங்கினார். அதுதான் சரியான தொடக்கம் என்று பிறகு புரிந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த கையோடுதான் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கப்பல் ஓடத் தொடங்கியது. எழும்பூரில் ஏறுகிறவர் கொழும்புக் கோட்டை வரைக்கும் ஒரே டிக்கெட்டாக எடுக்கலாம். தண்டவாளம் தனுஷ்கோடித் துறையில் முடியும், முடிகிற இடத்தில் கப்பல் நிற்கும், அக்கரையில் அடுத்த ரயில் காத்திருக்கும். போட் மெயில் என்று இன்றைக்கும் நாம் சொல்கிற பெயர் அப்படி வந்தது. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று முதல் மூன்று கப்பல்களுக்கும் வைஸ்ராய்களின் பெயர். பின்னால் இர்வின், கோஷன். கடைசியாக வந்ததுதான் நம்முடைய இராமானுஜம். இந்த வரிசையை ஐயா விரல் மடக்கிச் சொன்னபோது எழுதிக்கொண்டேன், அதையே முதல் அத்தியாயமாக வைத்திருக்கிறேன்.

அந்தப் பழைய காலத்தில் இது போய்வருகிற கப்பல். இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் கட்டிக்கொண்டு போன கங்காணிகள், மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை முடித்துப் போன தொழிலாளர்கள், கீழக்கரை, காயல்பட்டினத்து வியாபாரிகள், செட்டிநாட்டார், இராமேஸ்வரத்துக்கு யாத்திரை வந்த யாழ்ப்பாணத்தார் என்று எல்லாரும் போனார்கள், வந்தார்கள். கலியாணத்துக்கு ஊருக்கு வந்து, குலதெய்வத்துக்குக் கிடா வெட்டிவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பிய குடும்பங்கள் எத்தனையோ. துறை என்று ஒன்று பிழைத்திருப்பதே திரும்பி வருகிறவர்களால்தான் என்பது என் எண்ணம்.

1964 எல்லாவற்றையும் மாற்றியது. அக்டோபர் 30இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தத் தோட்டத் தமிழர்களைப் பங்கிடும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. துறையும் ஸ்டேஷனும் வந்துகொண்டிருந்த ரயிலும் அதில் இருந்த சனங்களும் போனார்கள். பிறகு கப்பல் இராமேஸ்வரத்திலிருந்துதான் ஓடியது. தினமும் ஓடிய சேவை, எழுபதுகளில் வாரத்துக்கு மூன்று நாளாகச் சுருங்கிவிட்டது. ஐப்பசி, கார்த்திகை வாடைக்காற்றில் அதுவும் கிடையாது.

இனி என் அம்மா வயதுப் பெண்களுக்கு. அம்மாமார்களே, நீங்கள் பேசியிருக்காவிட்டால் இந்தத் தொகுப்பில் கப்பல் இருந்திருக்கும், ஆட்கள் இருந்திருக்க மாட்டார்கள். அட்டனிலும் நானுஓயாவிலும் கோச்சி, அதாவது ரயில், ஏறும்போது பிளாட்பாரமே அழுததையும், அதனால் அதற்கு அழுகைக் கோச்சி என்று பேரானதையும் சொன்னீர்கள். பொல்காவலை, அநுராதபுரம், மதவாச்சி தாண்டி விடியும்போது மன்னார்ப் பக்கத்துப் பனைமரங்களைப் பார்த்துவிட்டு, 'இதுதான் இந்தியாவா?' என்று பிள்ளைகள் கேட்டதைச் சொன்னீர்கள். டிரங்குப் பெட்டியில் என்னென்ன வைத்தீர்கள் என்று கேட்டதும்தான் உங்கள் முகம் மலர்ந்தது. கம்பளி, தேயிலைத்தூள், ராணி சோப்பு, கொழுந்துக் கூடையின் கயிறு. கயிறு எதற்கு என்று கேட்டேன். 'போற எடத்துலயும் கொழுந்துதானே ஆயப்போறோம்' என்றார் கோத்தகிரிப் பாட்டி. தொகுப்பிலேயே எனக்குப் பிடித்த வரி அதுதான்.

இந்தியாவுக்கு அனுப்பும்போது கண்டியில் கொடுத்த குடும்ப அட்டையை இன்னும் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்து, என்னை நம்பி எடுத்துக் கொடுத்த குடும்பங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்? அந்த அட்டையில் ஒட்டிய படத்தைத் தவிர அப்பாவுக்கு வேறு படமே இல்லை என்று ஓர் அண்ணன் சொன்னார். அதைக் கையில் வாங்கும்போது பயமாகவே இருந்தது.

இராமானுஜத்தில் எந்திர அறையில் வேலை பார்த்த இராமேஸ்வரத்து ஐயாவுக்குத் தனியாக ஒரு வணக்கம். கடல் அங்கே எவ்வளவு ஆழம் குறைந்தது, மணல்திட்டுகளுக்கு நடுவே எப்படிப் பார்த்துப் பார்த்துக் கொண்டுபோக வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். சில மணி நேரப் பயணம்தான். கடலையே பார்த்திராத மலைநாட்டுச் சனங்களுக்கு அது போதும், தளம் முழுக்க வாந்தி. கப்பல்காரர்கள் எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருந்து கைக்குழந்தைக்காரிகளுக்குக் கொடுத்தார்களாம். எலுமிச்சம்பழம் வாங்கி முகர்ந்ததாகக் கூடலூரிலும் ஓர் அம்மா என்னிடம் சொல்லியிருந்தார். அதை ஐயாவிடம் சொன்னபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐயா, அந்த அம்மா சார்பிலும் இந்த நன்றியை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டு ஊரையும் காட்டித் தந்த பிள்ளைகளுக்கும் நன்றி. இப்போது அகதிகள் இருக்கும் மண்டபம் முகாமுக்குள் எதையெல்லாம் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பிய தம்பி, உன்னால் யார் மனமும் நோகாமல் தப்பினேன். தலைமன்னாரிலிருந்து துறையின் இப்போதைய படங்களை அனுப்பிய தங்கச்சி, 2015இல் ரயில் மறுபடியும் அங்கே வந்துவிட்டது, கப்பல்தான் வரவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியை உன் அனுமதியோடு சேர்த்திருக்கிறேன்.

கப்பல் ஏன் நின்றது என்று எல்லாரும் கேட்கிறார்கள். 1983 கலவரமும் அதையடுத்து வந்த போரும்தான் என்று ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடலாம், 1984இல் சேவை நின்றதும் உண்மை. ஆனால் உங்களிடம் கேட்டதையெல்லாம் அடுக்கிப் பார்த்தால், அதற்கு வெகுமுன்பே அது நலியத் தொடங்கிவிட்டது. சரக்கு சுமந்து போய்வரும் குருவிகள் எனப்பட்ட ஆட்களும் யாத்ரீகர்களும் தோளில் பை தொங்கிய வெள்ளைக்காரப் பிள்ளைகளும் கடைசி வரை போய்வந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கப்பலில் வந்த நம் சனங்களில் பெரும்பாலோர் ஒரு தடவைதான் ஏறினார்கள். அக்காள் இங்கே, தங்கை அங்கே என்று குடும்பம் பிரிந்த பிறகு போய்ப் பார்க்கப் பாஸ்போர்ட்டும் இல்லை, காசும் இல்லை. போய்வந்த கப்பலை, கொண்டுவந்து இறக்கிவிடுகிற கப்பலாக ஆக்கியது அந்த ஒப்பந்தம். போர் வந்தபோது மீதமிருந்த உயிரையும் எடுத்துக்கொண்டது. அதன் பிறகு அகதிகளாய் வந்தவர்களுக்குக் கப்பலும் இல்லை, மீன்பிடி வள்ளம்தான். இதில் சிலர் என்னோடு உடன்படவில்லை. அவர்கள் சொன்னதையும் அப்படியே போட்டிருக்கிறேன்.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டபோது உங்களில் இருவர் என்னைக் கூப்பிட்டு, 'தலைமன்னாருக்கு எப்போ?' என்று கேட்டீர்கள். அக்கரையில் தங்கை இருக்கிறவர்கள் கேட்கிற கேள்வி அது. கேட்கவேண்டிய இடத்தில் நானும் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அம்மா, உனக்குத் தனியாக எழுதவில்லை, வீட்டுக்கு வந்து சொல்கிறேன்.

புத்தகப் படிகள் தை மாதத்தில் கைக்கு வந்துவிடும். பேசிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படி, நானே கொண்டுவந்து தருவேன். கடன் வாங்கிய படங்களும் குடும்ப அட்டைகளும் அதே பையில் பத்திரமாகத் திரும்பி வரும். கண் தெரியாத பெரியவர்களுக்காகக் கூடலூர்ப் பிள்ளைகள் முழுவதையும் வாசித்துப் பதிவு செய்துகொண்டிருக்கிறார்கள், அது கைபேசிக்கு வந்துசேரும். பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம்.

மாறாத அன்புடன்,
உங்கள் பிள்ளை