கையிருப்பு நிதி: உறுப்பினர்கள் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரி வட்டாரத்தில் நாம் ஓட்டும் நோயாளிகள் வண்டிக்குத்தான் நிதி வருகிறதே, பிறகு ஏன் வங்கியில் பணம் சேர்க்க வேண்டும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி.

நிறுவனங்கள் தரும் நிதி பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்கென்றே வரும், தவணையும் தள்ளிப்போகும். டிரைவர் சம்பளமும் டீசலும் தள்ளிப்போகாது. டயாலிசிஸுக்காக வாரம் இரண்டு மூன்று முறை மலையிறங்குகிறவரிடம் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று சொல்ல முடியுமா? இங்கே மழையும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. 2009 நவம்பர் மண்சரிவில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள், சாலைகள் துண்டிக்கப்பட்டன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. அப்படியொரு வாரத்தில் மனு எழுதிக் காத்திருக்க முடியாது. கையில் இருப்பதுதான் உதவும்.

பதிவுபெற்ற அறக்கட்டளை தன் வருமானத்தில் 15 சதவீதம் வரை ஒதுக்கி வைக்க வருமான வரிச் சட்டமே இடம் தருகிறது. ஆறு மாதச் செலவுக்கான தொகை வேண்டும் என்பது என் கருத்து. முதலில் மூன்று மாதத்துக்காவது சேரட்டும்.

பெரிய நன்கொடையாளர் ஒருவரைவிட, மாதம் 100 ரூபாய் தரும் நூறு வீடுகளையே நான் நம்புகிறேன். பச்சைத் தேயிலை விலை இறங்கிய மாதம் தர முடியாவிட்டால் தயங்க வேண்டாம். மே மாதக் காய்கறிக் கண்காட்சி சமயத்தில் டீக்கடை போட ஆட்கள் தேவை, பெயர் கொடுங்கள். ரூ.2,000-க்கு மேல் தருபவர்கள் வங்கி வழியே அனுப்புங்கள். அதற்கு மேல் ரொக்கமாகத் தந்தால் வரிச்சலுகை கிடைக்காது. ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.