சிம்ஸ் துரை யாருங்க, ஆசிரியர் ஐயா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன இதழ் இங்கிலீஷ் பாடத்துல, "எஸ்ஸுல முடியுற பேருக்கு எஸ்ஸுக்குப் பின்னாடிதான் அபாஸ்ட்ரபி, உதாரணம் குன்னூர் சிம்ஸ் பார்க், அதாவது சிம்ஸ் துரையோட பார்க்"னு போட்டிருந்தீங்க. (அபாஸ்ட்ரபின்னா இங்கிலீஷ்ல எழுத்துக்கு மேல போடுற சின்ன கொக்கிக் குறி.) நான் குன்னூர்லயே பொறந்து வளந்தவன், அப்படி ஒரு துரை எங்க ஊர்ல இருந்ததே இல்லீங்க. அவர் பேரு சிம். ஜே.டி. சிம், மெட்ராஸ் கவர்மென்ட் செக்ரட்டரி, பார்க் வந்தது 1874ல. அந்த எஸ்ஸு "அவரோட"ங்கிறதுக்காக வந்தது, அதனால அபாஸ்ட்ரபி எஸ்ஸுக்கு முன்னாடிதான் வரும். உங்களுக்குத் தெரியாததா.

விதியும் அரைகுறைதான். ஒரு பையனோட புக்குன்னா எஸ்ஸுக்கு முன்னாடி, நிறைய பசங்களோடதுன்னா பின்னாடி, சில்ட்ரன் மாதிரி எஸ்ஸு இல்லாத பன்மைன்னா மறுபடி முன்னாடி. ஆள் பேரே எஸ்ஸுல முடிஞ்சா ரெண்டு விதமாவும் எழுதுறாங்க, லண்டன் செயின்ட் ஜேம்ஸ் பார்க்ல அபாஸ்ட்ரபிக்கு அப்புறம் இன்னொரு எஸ்ஸே இருக்கு.

நான் எங்க ஊர் பெட்போர்டு பக்கம் பிரஸ்ல அச்சு கோத்தவன். ஒரு லாட்ஜ்காரர் நோட்டீஸ்ல ரூம்ஸ் அவைலபிள்னு போட ரூமுக்கும் எஸ்ஸுக்கும் நடுவுல அபாஸ்ட்ரபி கேட்டார். ரூம் நிறைய இருக்குன்னு சொல்றதுக்கு அது வேண்டாம்ங்கன்னேன், "எல்லா போர்டுலயும் இருக்கு, பாக்க அழகா இருக்கும், நீ போடு"ன்னார். டீத்தூள் லேபிள்ல "அதனோட மணம்"னு சொல்ற இடத்துல "இட் ஈஸ்"னு அர்த்தம் வர்ற, அபாஸ்ட்ரபி வெச்ச இட்ஸைப் போட்டுக் கொண்டு வருவாங்க, திருத்துனா நமக்குத்தான் திட்டு. கடைக்காரங்க போகட்டும், பாடம் நடத்துற நீங்களுமா?

இங்கிலாந்துலயே 2024ல நார்த் யார்க்ஷயர் கவுன்சில் தெரு போர்டுல அபாஸ்ட்ரபி வேண்டாம்னாங்க, கம்ப்யூட்டர்ல தேட சிக்கலாம். ஜனங்க சும்மா விடல. அவங்க கூட குறியைத்தான் எடுக்கப் பாத்தாங்க, இல்லாத துரையை உண்டாக்கல.

உங்களுக்கு இது புதுசும் இல்ல. டால்ஃபின்ஸ் நோஸ்ங்கிற மலைமுனை கொடைக்கானல்ல மட்டும்தான்னு எழுதுனீங்க, எங்க ஊர்லயும் இருக்குன்னு கார்டு போட்டேன், பதிலே இல்ல. எங்க ஊர் பழக்கண்காட்சி படத்துக்குக் கீழ ஊட்டின்னு போட்டீங்க. குன்னூர்னா உங்களுக்கு ஊட்டி போற வழியில வர்ற டீக்கடை மாதிரி போல.

என் பேத்தி அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டுல ஒட்டிட்டா. நான் சொன்னா, "புக்குல போட்டிருக்கு தாத்தா"ங்கிறா. அதனால திருத்தமும் உங்க புக்குலயே வரணும், ரெண்டு வரி போதும், விளம்பரத்துக்கு அடியில போட்டாலும் சரி. இந்தக் கடிதத்தைக் குறைச்சுதான் ஆகணும்னா லாட்ஜ் கதையை வெட்டுங்க, சிம் பேரை மட்டும் வெட்டாதீங்க.

இப்படிக்கு,
குன்னூர் வாசகர்