ஊதிப் பார்க்க ஒரு கருவி

ஆசிரியருக்கு வணக்கம்.

நுரையீரல் ஆராய்ச்சிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். நுரையீரல் நோய்க்குக் காரணம் பீடி, சிகரெட் என்று போன பத்திகளைப் பொறுமையாகக் கேட்டவர், "நான் என்னைக்குடி பீடி குடிச்சேன்?" என்றார். அதற்குக் கட்டுரையில் பதில் இல்லை. அதனால் இந்தக் கடிதம்.

எங்களுடையது சாயல்குடி பக்கம் கடலோரப் பனங்காட்டு ஊர். பதநீர் இறக்குவது அப்பா வேலை, காய்ச்சுவது அம்மா வேலை. சீசனில் காலையில் சட்டியை ஏற்றினால் பாகு திரண்டு சிரட்டையில் ஊற்றும் பதம் வர மதியம் தாண்டிவிடும். காய்ச்சும் விடிலிக்கு ஓலைக் கூரை, ஒரே வாசல். எரிப்பது காய்ந்த ஓலை, மட்டை, சீமைக்கருவேல விறகு. பதம் தப்பாமல் கிண்டக் குனிந்தே நிற்க வேண்டும். புகை நேரே முகத்தில். இப்படி முப்பத்தைந்து சீசன்.

ஐந்து வருஷமாக அவருக்கு இளைப்பு. குழாயடியிலிருந்து வீட்டுக்கு நூறு எட்டு இருக்காது. அதற்குள் குடத்தை இரண்டு இடத்தில் இறக்கி வைப்பார். காட்டிய இடத்தில் எல்லாம் "வயசாயிருச்சும்மா" என்றார்கள். சளி டெஸ்ட் இரண்டு முறை எடுத்துக் காசநோய் இல்லை என்றார்கள். பிறகு ஊசி, டானிக், மூச்சு முட்டினால் காஸ் (நெபுலைசர்). கடைசியில் மதுரையில்தான் குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள். மூன்றாம் முறை ஊதும்போது கண்ணில் நீர் வந்துவிட்டது. மொத்தமாக ஊதும் காற்றில் பத்தில் ஏழு பங்காவது முதல் நொடியிலேயே வந்துவிட வேண்டுமாம். அம்மாவுக்குப் பாதிகூட வரவில்லை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, சிஓபிடி.

வயசுக்கும் பங்கு உண்டுதான். இருபத்தைந்து வயதுக்குள் நுரையீரல் முழுத் திறனை எட்டிவிடும். பிறகு அந்த முதல் நொடிக் காற்று ஆண்டுக்கு ஏறத்தாழ 30 மில்லி வீதம் எல்லாருக்கும் குறையும். அந்தத் தேய்மானம் மட்டும் என்றால் அறுபத்திரண்டு வயதில் ஒரு குடத்துக்கு இப்படி மூச்சு முட்டாது. ஏழை நாடுகளில் சிஓபிடிக்குப் புகையிலை 30 முதல் 40 சதவீதம்தான் காரணம், வீட்டு அடுப்புப் புகை பெரிய காரணம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அமெரிக்கா, டென்மார்க் மக்களை ஆண்டுக்கணக்கில் கவனித்து 2015-ல் வெளியான ஆய்வு இன்னொன்றைச் சொன்னது: நோய் வந்தவர்களில் சுமார் பாதிப்பேருக்கு நுரையீரல் வேகமாகத் தேயவே இல்லை, இளவயதிலேயே முழுத் திறனை எட்டாமல் போயிருந்தது. எனக்கும் தம்பிக்கும் தொட்டில் கட்டியது அந்த விடிலி உத்தரத்தில்தான்.

சிஓபிடிக்கு 2024-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டுபிலுமாப் ஊசி பற்றி எழுதியிருந்தீர்கள். நல்ல செய்தி. ஆனால் ரத்தத்தில் ஈசினோபில் என்ற ஒருவகை வெள்ளை அணுக்கள் கூடுதலாக இருப்பவர்களுக்குத்தான் அது. நோய் இருக்கிறதா என்றே ஊதிப் பார்க்காத ஊரில் ஈசினோபிலை யார் எண்ணப் போகிறார்கள்?

ஆஸ்துமாவும் அப்படியே. மூச்சு முட்டும்போது மட்டும் இழுக்கும் நீலப் பம்பு தனியாகப் போதாது, மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரும் சேர்ந்தே வேண்டும் என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019-லேயே மாறிவிட்டது. தம்பி மகன் பையில் இன்றும் நீலம் மட்டும்தான். மற்றதை வாங்கிக் கொடுத்தால், "பழகிட்டா விட முடியாது" என்று அவன் அம்மாச்சி ஒளித்து வைத்துவிட்டார். இழுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும் என்பதைக்கூட யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரை எங்கள் வாசலுக்கே வருகிறது. வருகிற அக்கா கையில் ஊதும் மூச்சின் வேகம் பார்க்கும் சிறு பிளாஸ்டிக் குழாய் ஒன்றும் இருந்தால் என்ன? பேட்டரிகூட வேண்டாத சாமான். நோய் இன்னதென்று அது தீர்ப்புச் சொல்லாது. யாரை முழுச் சோதனைக்கு அனுப்பலாம் என்று காட்டிக்கொடுக்கும். கூடவே, "அடுப்படியில் எத்தனை வருஷம்?" என்று ஒரு கேள்வி. உங்கள் இதழ் இதைச் சுகாதாரத் துறையின் காதில் போட வேண்டும்.

இந்த சீசனுக்கு விடிலியின் மேற்குத் தட்டியைப் பிரித்துவிட்டேன், புகை போகட்டும் என்று. "கச்சான் காத்து அடிச்சா தீ நிக்காதுடி" என்று அம்மா திரும்பக் கட்டச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாயல்குடி, ராமநாதபுரம் மாவட்டம்