'வேண்டாங்க தம்பி' என்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

என் பெரியப்பா ஓட்டிவந்த 1972 ஆம் ஆண்டு என்ஃபீல்டு புல்லட், பதிவு புதுப்பிக்கப்பெற்று, இம்மாதம் மீண்டும் கோவைச் சாலைக்கு வந்துவிட்டது. படத்தைப் பார்த்த பலரும் என்னைப் பாராட்டியிருக்கிறீர்கள். அந்தப் பாராட்டு சேர வேண்டிய இடங்கள் வேறு என்பதால் இம்மடலை எழுதுகிறேன். ஸ்பானர் பிடித்தவர்களுக்கும் உதிரிபாகம் தேடித் தந்தவர்களுக்கும் என் நன்றி உண்டு. ஆனால் என் அவசரத்துக்கு இணங்க மறுத்தவர்களிடம்தான் நான் கூடுதலாகக் கடன்பட்டிருக்கிறேன்.

பிரேமின் பின்பகுதியை அறுத்துக் குட்டையாக்கி, 'பாபர்' (bobber) என்னும் வெட்டிக் குறைத்த பாணியில் வண்டியை அமைக்க வேண்டும் என்பதே முதல் திட்டம். கணபதியில் வெல்டிங் பட்டறை நடத்தும் ஐயா ஒருவர் வரைபடத்தைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "வேண்டாங்க தம்பி, பிரேமை அறுத்துட்டா ஆர்.சி. புத்தகம் வெறுங்காயிதந்தானுங்க" என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு சொல்கிறது. 2019 இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. இவையெல்லாம் நான் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டவை, அவருக்கோ அனுபவத்தில் தெரிந்திருந்தது. ஆகவே போல்ட்டைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பக்கூடிய மாற்றங்களோடு நிறுத்திக்கொண்டோம்: ஸ்பிரிங் வைத்த ஒற்றை இருக்கை, தகட்டில் புதிதாக அடித்த குட்டை மட்கார்டு, அகலமான ஹேண்டில்பார். பழைய மட்கார்டுகள் எண்ணெய் தடவிய துணிக்குள் பத்திரமாக இருக்கின்றன. இன்று நீங்கள் அழகு என்று புகழ்வதில் பாதி, அறுக்காமல் விட்ட அந்தப் பின்பக்கக் கோட்டில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

எஞ்சின் வேலையில் என்னை அதிகம் காக்க வைத்தவர் லேத் அண்ணன். 70 மில்லிமீட்டர் சிலிண்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட, 346 சிசி வார்ப்பிரும்பு எஞ்சின் இது. சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து அகலப்படுத்தும் 'போர்' வேலை ஏற்கெனவே 40 தவு (ஒரு தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓவர்சைஸ் வரை நடந்திருந்ததால், 60 என்ற கடைசி அளவு மட்டுமே மீதமிருந்தது. அதுவும் பிசகினால் ஸ்லீவ் என்னும் புது உள்ளுறையை இறக்குவதைத் தவிர வழியில்லை. நான் வாங்கிவந்த பிஸ்டனை அவர் மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தபோது, அட்டைப்பெட்டியில் அச்சிட்ட அளவுக்கும் உள்ளே இருந்த பொருளுக்கும் சம்பந்தமே இல்லை. விற்ற கடை அதைத் திரும்பப் பெறவும் மறுத்துவிட்டது (அந்த மறுப்புக்கு நன்றி சொல்லும் அளவுக்கு நான் இன்னும் பக்குவப்படவில்லை). "சரியான பிஸ்டன் என் கைக்கு வரட்டும், அதை அளந்துதான் போர் போடுவேன், சொரண்டுன இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாதுங்க" என்ற அண்ணன், பல மாதங்களுக்கு அந்தச் சிலிண்டரைத் தொடவில்லை. இடையில் கிராங்க்கேஸில் தென்பட்ட விரிசலை ஆர்கான் வெல்டிங் வைத்து அடைத்துக் கொடுத்த அவருடைய நண்பருக்கும் நன்றி.

வேலை பாதியில் நிற்கையில்தான், மழைநீர் தேங்கிய சாலையில் மொபெட் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். முதலில் காட்டிய இடத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துச் சுளுக்கு என்றார்கள். வலி குறையாமல் போகவே சென்று பார்த்த எலும்பு மருத்துவர், கட்டைவிரலின் அடியில் உள்ள பள்ளத்தை அழுத்திப் பார்த்த உடனேயே சந்தேகப்பட்டு, எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். மணிக்கட்டிலுள்ள ஸ்கேஃபாய்டு என்னும் சிற்றெலும்பு முறிந்திருந்தது. அந்த எலும்பின் பெரும்பகுதிக்கு விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கித்தான் ரத்தம் செல்கிறது. நடுவில் முறிந்தால் முழங்கை பக்கத்துத் துண்டுக்கு ரத்தம் குறைந்து, கூடுவதற்கு நெடுநாள் ஆகும், சில வேளை கூடாமலும் போகும். எனக்குத் திருகாணி வைத்து அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தது. புல்லட்டில் ஆக்சிலேட்டரும் முன் பிரேக்கும் வலது கைக்கு உரியவை. எப்போது ஓட்டலாம் என்று ஒவ்வொரு முறையும் கேட்ட எனக்கு, "எக்ஸ்ரே சொல்லும்போது சொல்கிறேன்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் கொடுக்காத அந்த மருத்துவருக்கு நன்றி. வாஷர்களைப் பொறுக்கி நூலில் கோர்ப்பதையே பயிற்சியாகத் தந்து, ஸ்பானரை மட்டும் கண்ணில் காட்டாத பிசியோதெரபிஸ்ட் அம்மாவுக்கும் நன்றி.

கை தேறியும் பிடிமானம் பழையபடி வரவில்லை. அதற்கு வழி கண்டவர் சென்னையில் இருக்கும் என் கல்லூரித் தோழர். பிற்காலத்து 500 சிசி புல்லட்டில் வந்த ஏழு அங்குல ட்வின் லீடிங் ஷூ பிரேக் ஒன்றைப் பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையில் கடை கடையாக அலைந்து பிடித்து அனுப்பினார். அதில் இரண்டு பிரேக் ஷூக்களையும் டிரம்மின் சுழற்சியே மேலும் இழுத்து அழுத்துவதால், லீவரில் குறைந்த விசை கொடுத்தாலும் வண்டி நிற்கும். எங்கள் தெருமுனை சைக்கிள் கடைக்காரர் அந்த ஹப்பில் ஸ்போக் கட்டிப் பெண்டு எடுத்துக் கொடுத்தார். மோட்டார் சைக்கிள் சக்கரம் என்பதால் இருமுறை மறுத்து, மூன்றாம் முறை ஒப்புக்கொண்டார்.

பொடி வண்ணத்தை அடுப்பில் சுட்டுப் பூசும் பவுடர் கோட்டிங் பட்டறையில், சேசிஸ் எண் பொறித்த இடத்தை மறைத்து ஒட்டாமல் பிரேமை அடுப்பில் ஏற்ற மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த இளைஞரை அன்று நான் அலட்சியமாகத்தான் பார்த்தேன். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதே எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்தபோது, ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக விழுந்தது.

வண்டியைக் கேட்டு வந்தவர்கள் யாருக்கும் விற்காமல் வைத்திருந்த பெரியம்மாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். உரிமையாளர் இறந்தபின் வாரிசுக்கு மாற்றும் படிவம் 31 வழியாகத் தம் பெயருக்கும், பிறகு உரிமை மாற்றத்துக்கான 29, 30 படிவங்கள் வழியாக என் பெயருக்கும் வண்டியை மாற்ற, இந்த வயதில் வெயிலில் வரிசையில் நின்றார். எதிர் வீட்டுக் கல்லூரி மாணவிக்கும் நன்றி. மின்னோட்டம் காட்டும் ஆம்மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துச் சற்றே தாண்டவிட்டு, அதன் பிறகே முழு உதை கொடுக்கும் முறையைக் கற்றுக்கொண்டு, "நீங்க தள்ளி நில்லுங்கண்ணா" என்று என்னை விலக்கிவிட்டு எஞ்சினை முதன்முதலில் உயிர்ப்பித்தவர் அவர்தான்.

புதுப் பாகங்கள் பழகும் ரன்னிங்-இன் காலம் முடியும்வரை 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்பது லேத் அண்ணனின் தற்போதைய உத்தரவு, அதற்கும் கட்டுப்படுகிறேன். வெல்டிங் ஐயாவும் சைக்கிள் கடைக்காரரும் கூலி வாங்க மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இருவர் பணமும் அவரவர் வீட்டில் ஒப்படைக்கப்பட்டுவிட்டது என்பதை இம்மடல் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

மிக்க நன்றியுடன்,
புல்லட்டின் இப்போதைய உரிமையாளர்,
கோயம்புத்தூர்.